ஆளுக்கொரு நாற்காலி

பிப்ரவரி 4

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மாப்பிள்ளையும் வந்துபோனதிலிருந்து வீடு கலகலப்பாக இருக்கிறது. உங்களுக்குப் போனில் பேச்சு சரியாகக் கேட்பதில்லை, மெசேஜ் எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை என்று என் மகள் சொன்னாள். அதனால் என்ன, எழுதியே பேசிக்கொள்வோம். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினால் உங்கள் கைக்கு வந்துவிடும். லிஃப்ட் பழுதுபார்க்க நாளெல்லாம் சுற்றுகிறவர், நமக்குத் தபால்காரராகவும் இருக்கட்டும்.

அன்று பேசி முடித்ததை இங்கே ஒரு முறை எழுதிவிடுகிறேன். பின்னால் மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்கள். மே மாதம் கல்யாணம். காலையில் பதிவு அலுவலகம். மதியம் அறுபது பேருக்குச் சாப்பாடு. செலவு ஆளுக்குப் பாதி. பிள்ளைகள் இரண்டு பேரும் இதுவே அதிகம் என்கிறார்கள். எங்களுக்கும் இந்த வருஷம் வேறொரு பெரிய செலவு காத்திருப்பதால் இந்த அளவு சௌகரியம்.

என் வீட்டுக்காரர் அன்று பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். கொஞ்சம் முதுகுவலி, வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
பெண்ணைப் பெற்றவள்


பிப்ரவரி 9

அன்புள்ள சம்பந்திக்கு,

இந்த ‘மதிப்புக்குரிய’, ‘அவர்களுக்கு’ எல்லாம் எனக்கு எதற்கு? தெருவே என்னை நாற்காலியம்மா என்றுதான் கூப்பிடுகிறது. பதினெட்டு வருஷம் நூல் மில்லில் நின்று காதைக் கொடுத்தேன். வந்த பணத்தில் அவர் நாற்காலி வாடகைக் கடை வைத்தார். அவர் போய்ச் சேர்ந்தார், நாற்காலிகள் என்னோடு இருக்கின்றன. எதிர்த்துப் பேசாத பிள்ளைகள்!

பேசியது பேசியபடியே. எனக்கும் அதுதான் தோது. நாற்காலி மட்டும் உங்கள் கணக்கில் வேண்டாம், அது என் பொறுப்பு. அறுபது போட்டால் போதும்தானே? கூட வேண்டுமென்றாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கடையில் இருநூறு இருக்கிறது, சும்மாதான் அடுக்கிக் கிடக்கிறது.

இன்னொன்று. அண்ணன் எந்த மாதிரி நாற்காலியில் உட்காருவார்? முதுகுவலிக்காரருக்கு இந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. கை வைத்தது, முதுகு உயர்ந்தது என்று என்னிடம் விதவிதமாக இருக்கிறது. மருமகளைக் கேட்டேன், அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

அன்புடன்,
நாற்காலியம்மா


பிப்ரவரி 13

அன்புள்ள சம்பந்தி அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தரம் படித்தேன். நீங்கள் நாசூக்காகச் சொன்னதை நான் புரிந்துகொள்ளாமல் இல்லை. இருநூறு நாற்காலிக்குச் சொந்தக்காரர் வீட்டில் நடப்பது ஒரே பிள்ளையின் கல்யாணம். அதற்கு அறுபது பேர் என்றால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள்? பஸ் நிலையத்தில் நான் உட்காரும் சீசன் பாஸ் கவுண்டரில் தினமும் எத்தனை முகம் பார்க்கிறேன்! அத்தனை பேரும் ‘எப்போ கல்யாணம்?’ என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறார்கள்.

ஆகையால் இருநூறு பேர் என்றே வைத்துக்கொள்வோம். அறுபது பேருக்கென்று பார்த்த இடம் போதாது. பெட்ரோல் பங்க் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மண்டபத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன். மேலே கீழே இரண்டு கூடம், லிஃப்ட்கூட உண்டு. பெண் வீட்டார் சிக்கனம் பிடித்தவர்கள் என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம்.

என் வீட்டுக்காரர் எதில் வேண்டுமானாலும் உட்காருவார். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 20

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் மனசு பெரிது. நான் ஒன்றும் நாசூக்காகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வித்தை தெரிந்திருந்தால் மில்லில் மேஸ்திரியாகி இருப்பேன். இருந்தாலும் நீங்களே வாயைத் திறந்து இருநூறு என்ற பிறகு, மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் குறைக்கச் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

அப்படியே ஆகட்டும். மண்டபத்தில் பாதி என்னுடையது. இத்தனை பேர் வரும்போது சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீம் இல்லாவிட்டால் முணுமுணுப்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வீடியோக்காரர் ஒருவர் என்னிடம் அடிக்கடி நாற்காலி எடுப்பார், அவரிடமும் சொல்லிவைத்தேன். கடையில் இந்த மாதம் வியாபாரம் மந்தம்தான். அதற்காக எங்கள் பக்கம் குறை வந்துவிடாது.

உங்கள் தபால்காரன் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். ‘அம்மா, இதெல்லாம் யாரு கேட்டா?’ என்கிறான். ‘பெரியவங்க பேசுறோம், நீ லிஃப்டப் பாரு’ என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
நாற்காலியம்மா


மார்ச் 5

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. உங்கள் பாதியை வெள்ளிக்கிழமைக்குள் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது, வேறு வழியில்லை.

ஐஸ்கிரீம், வீடியோ இரண்டும் அவசியம் என்று நீங்கள் நினைப்பதால் நானும் சும்மா இருக்க முடியவில்லை. இனிப்பு மூன்று வகை சொல்லியிருக்கிறேன். வாசலுக்குப் பூ அலங்காரம் கண்ணாடி வாசல் மொத்தத்துக்கும் போட்டால்தான் எடுப்பாக இருக்குமாம். மண்டபத்துக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தேன்.

அவருக்கு ஏப்ரலில் முதுகுக்கு ஒரு வைத்தியம் பார்ப்பதாக இருந்தோம். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறோம். அவசரமான விஷயமில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 22

அன்புள்ள சம்பந்திக்கு,

என் பாதியைப் போன வாரமே என் மகன் கையில் கொடுத்துவிட்டேன், வந்து சேர்ந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணத்தை ஆகஸ்டுக்குத் தள்ள முடியுமா? மண்டபத்துக்காரரிடம் பேசிப் பாருங்கள். காரணத்தை நேரில் சொல்கிறேன்.

நாற்காலியம்மா


மார்ச் 29

அம்மா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பக்கம் வந்து ஒரு வாரமாகிறது. என் மகளும் என்னோடு பேசுவதில்லை. மருந்துக்கடை வேலை முடிந்து வருகிறாள், அப்பா பக்கத்தில் உட்காருகிறாள், நான் உள்ளே போனால் எழுந்து போய்விடுகிறாள்.

காரணத்தை நேரில் சொல்வதாக எழுதினீர்கள். சரி, நேரிலேயே கேட்போம் என்று நேற்று லீவு போட்டுவிட்டு உங்கள் கடைக்கு வந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். நாற்காலி ஒன்றுகூட இல்லை. தரையில் நாலு கால் தடம் வரிசை வரிசையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பக்கத்து டயர் கடைக்காரர், ‘அம்மா எல்லாத்தையும் வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?’ என்கிறார். சம்பந்தியென்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. யாரோ வாடகைக்குக் கேட்க வந்தவள் மாதிரித் திரும்பி வந்தேன்.

கடையைக் காலி செய்கிறீர்கள், கல்யாணத்தைத் தள்ளுகிறீர்கள், உங்கள் பிள்ளை கண்ணில் படுவதில்லை. இதற்கு என்ன அர்த்தம்? நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. கல்யாணம் வேண்டாமென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். என் பெண்ணிடம் என்ன குறை கண்டீர்கள்? பஸ் நிலையத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன். இனி அந்த ஜன்னலுக்குப் பின்னால் எந்த முகத்தோடு உட்காருவேன்? உங்களை நம்பித்தானே அம்மா இவ்வளவு தூரம் வந்தேன்!

பெண்ணைப் பெற்றவள்


ஏப்ரல் 2

பெண்ணைப் பெற்றவளுக்கு,

நானும் ஒன்றைப் பெற்றவள்தான். உங்கள் கடிதம் என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆற அமர எழுத எனக்குப் பொறுமை இல்லை, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நாற்காலிகளை விற்றுவிட்டேன். மண்டபத்தில் என் பாதியைக் கட்ட வேறு வழியில்லை. மார்க்கெட் பக்கத்துப் போட்டிக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். நாற்காலி முதுகில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்த எங்கள் கடைப் பெயரை என் கண்ணெதிரேயே சுரண்டினார். ‘பையன் கல்யாணமாமே, நாற்காலி வேணும்னா சொல்லுங்கக்கா, வாடகையில கொஞ்சம் குறைச்சுக்கிறேன்’ என்றார். நாற்காலிக்காரி தன் நாற்காலியை விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுக்கப் போகிறாள். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கொஞ்ச நாள் கிடைத்தால் ஏதாவது புரட்டலாம் என்றுதான் ஆகஸ்ட் கேட்டேன். அதைச் சொல்ல வெட்கம் பிடுங்கித் தின்றது.

யார் கேட்டார்கள் இருநூறு? நான் கடையில் இருக்கிற நாற்காலியைச் சொன்னேன். நீங்கள் அதை ஆள் கணக்காக்கினீர்கள். நீங்கள் இனிப்பு என்றீர்கள், நான் ஐஸ்கிரீம் என்றேன், நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. ஆனால் நான் விற்றது பிளாஸ்டிக். நீங்கள் எதை வைத்து ஆடினீர்கள்?

உங்கள் கடிதம் வந்த அன்று என் மகனைப் பிடித்து நிறுத்தி, ‘அங்க என்னடா நடக்குது?’ என்றேன். என் வலது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினான், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ‘மாமாவுக்கு முதுகுல ஆபரேஷன்மா. வலது கால் மரத்துப்போக ஆரம்பிச்சுடுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஏன் தள்ளிப் போட்டீங்கன்னு கேட்டு போன் வந்துச்சு, அவதான் எடுத்தா. அந்தப் பணத்தை எடுத்து அத்தை மண்டபத்துக்குக் கட்டிட்டாங்க.’

வைத்தியம் என்றுதானே எனக்கு எழுதினீர்கள்? அவசரமில்லை என்றுதானே எழுதினீர்கள்?

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு மனுஷனின் காலை அடகு வைத்துப் பிடித்த மண்டபத்துக்குள் என் மகன் வரமாட்டான். நானும் வரமாட்டேன். மருமகளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மண்டபம் வேண்டுமா, கல்யாணம் வேண்டுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாற்காலி இல்லாத நாற்காலியம்மா


ஏப்ரல் 6

அக்கா,

இப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கூப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவர்தான் முதலில் படித்தார். கட்டிலில் சாய்ந்துகூட உட்கார முடியாமல், தரையில் பலகை மேல் படுத்தபடி படித்தார். படித்துவிட்டு, ‘இந்தம்மாவுக்குக் காது கேக்கலன்னு யாரு சொன்னது? நான் ரெண்டு மாசமா சொன்னது உனக்குத்தான் கேக்கல’ என்றார். அப்புறம், ‘என்ன மூலையில படுக்க வச்சுட்டு இருநூறு பேருக்கு இனிப்புக் குடுக்கப் போனியே, யாருக்காகடி?’ என்று கேட்டார். அவர் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. சமையலறையில் போய் நின்று அழுதேன். மகள் பின்னாலேயே வந்தாள். அடுப்பில் பொங்கின பாலை இறக்கி வைத்தாள்.

இன்னும் தள்ளினால் கால் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அக்கா. தெரிந்தேதான் செய்தேன். இருபது வருஷமாக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, ‘சில்லறை இல்லை, அடுத்தவங்க வாங்க’ என்று சொல்லிச் சொல்லி, ஒரே ஒரு நாள் எல்லார் முன்னாலும் தாராளமான கையோடு நிற்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். நீங்கள் கேட்டதாக நானே நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

இன்று மண்டபத்தை ரத்து செய்துவிட்டேன். முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பூக்காரர், இனிப்புக்காரர் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிச்சத்தில் உங்கள் பங்கை இத்துடன் அனுப்புகிறேன். ஆபரேஷனுக்கு மறுபடி தேதி கேட்டோம். ஜூன் முதல் வாரத்துக்கு முன்னால் இடமில்லையாம்.

கல்யாணம் வேண்டும் அக்கா. ஆனால் எங்கே வைப்பது? இருநூறு பேரையும் வாய் நிறையக் கூப்பிட்டாகிவிட்டது. வராதீர்கள் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

உங்கள் தங்கை


ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

பணம் வந்தது. கடிதமும் வந்தது. அதைப் படித்து நானும் கொஞ்சம் அழுதேன், அப்புறம் கோபம் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, முக்கால்வாசி. மீதியை அண்ணன் எழுந்து நடக்கும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இடத்துக்கு என்ன பஞ்சம்? என் கடைதான் காலியாகக் கிடக்கிறதே! பின்னால் முற்றம் இருக்கிறது. ஓரத்தில் கேஸ் அடுப்பு வைத்து அறுபது பேருக்குச் சமைக்கலாம். மில்லில் என்னோடு இருந்த நாலு பேர் சமைக்க வருகிறார்கள், கூலி பேசினால் அடிப்பார்கள்.

கூப்பிட்ட யாரையும் வராதீர்கள் என்று சொல்லாதே. எல்லாரிடமும் இதை மட்டும் சொல்: ‘அங்க நாற்காலி கிடையாது. வரும்போது ஆளுக்கொரு நாற்காலி வீட்டிலேர்ந்து எடுத்துட்டு வந்துடுங்க.’ சிரித்துக்கொண்டு சொல்லாதே, நிஜமாகவே சொல். இத்தனை வருஷம் நாற்காலி போட்டவள் சொல்கிறேன், போட்டு வைத்தால் உட்கார வருகிறவர்கள் ஒரு ஜாதி, தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வேறு. நாலு தெரு தாண்டி நாற்காலி தூக்கி வருகிறவர் எத்தனை பேரோ, அவர்களுக்கு நம்மால் சோறு போட முடியும்.

என் நாத்தனாரிடம் இன்றே சொல்லிவிட்டேன். கார் வைத்திருப்பவள். ‘நாற்காலியா? சீட்டு கறையாயிடுமே!’ என்றாள். ஒரு ஆள் குறைந்தது.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்து இத்தனை நாளாகியும் என் காதில் அந்தத் தெருச் சத்தம் போகவில்லை. எங்கள் சூப்பரின்டெண்ட், ‘கல்யாணமா, இல்ல வீடு மாத்துறீங்களா?’ என்று என்னைக் கிண்டல் செய்தவர், சுழல் நாற்காலியைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தார் பாருங்கள்! டயர் கடைக்காரர் ஒரு டயரைக் கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தார். உங்கள் போட்டிக் கடைக்காரர் தலையில் இரண்டு நாற்காலியோடு வந்து நின்றபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன், அப்புறம் அவருக்கு முதல் தட்டு வைத்ததையும் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் உங்களிடம் அன்று சொல்ல முடியவில்லை. அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்தபோது, சுவரோரம் முதுகு உயர்ந்த ஒரு மர நாற்காலி போட்டிருந்தீர்கள். கை வைத்தது, இடுப்புக்கு மெத்தை தைத்தது. எல்லாவற்றையும் விற்றேன் என்று எழுதினீர்களே, இது எங்கே இருந்தது? மாப்பிள்ளைதான் சொன்னார், பிப்ரவரியிலேயே எடுத்துத் தனியாக வீட்டில் வைத்துவிட்டீர்களாம். எதில் வேண்டுமானாலும் உட்காருவார் என்று நான் திமிராக எழுதிய பிறகும். கையெழுத்துப் போட்ட கையோடு பிள்ளைகள் வந்து சேர்ந்ததிலிருந்து கடைசி ஆள் கை கழுவுகிற வரைக்கும் அவர் அதில் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்து ஒரு வருஷமாகிறது.

திங்கட்கிழமை ஆபரேஷன். கால் பழையபடி வருமா என்று டாக்டரைக் கேட்டோம். ‘முன்னாடியே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன், இப்ப பாக்கலாம்’ என்றார். அந்த வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது. அதைக் கேட்ட பிறகும் அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பிள்ளைகள் மாலையில் வந்துவிடுவார்கள். பகலெல்லாம் நான் மட்டும்தான் இருப்பேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார ஒன்றும் கிடையாது, கூட வருகிறவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள்.

மாப்பிள்ளையிடம் ஒரு நாற்காலி கொடுத்தனுப்ப முடியுமா, அக்கா? எது இருந்தாலும் சரி.

உங்கள் தங்கை


மே 29

தங்கச்சிக்கு,

கொடுத்தனுப்ப மாட்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். இரண்டு. நீ அழுதால் எனக்குக் கேட்காது, அதனால் கூச்சப்படாமல் அழலாம்.

அக்கா